பழங்குடி மாணவர்களுக்குக் கல்லூரி உதவித்தொகை: சாதிச்சான்றிதழிலிருந்து வங்கிக் கணக்கு வரை

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகுதான் பெரும்பாலான பழங்குடிக் குடும்பங்களில் கல்லூரிச் செலவைப் பற்றிய பேச்சே எழுகிறது. அப்போது சாதிச்சான்றிதழுக்கு அலையத் தொடங்கினால், சான்றிதழ் கைக்கு வருவதற்குள் கலந்தாய்வு முடிந்துவிடும். தமிழ்நாட்டில் ஒரு பழங்குடி மாணவர் அரசுக் கல்லூரியிலோ, கலந்தாய்வு வழியாகத் தனியார் கல்லூரியிலோ சேர்ந்தால், கல்விக் கட்டணத்துக்காக அவர் வீட்டில் கடன் வாங்க வேண்டியதே இல்லை. தங்க அரசு விடுதி உண்டு. மாதச் செலவுக்கும் ஓரளவு பணம் வரும். அப்படியிருந்தும் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்போடு நின்று திருப்பூருக்கும் செங்கல் சூளைக்கும் போகிறார்கள் என்றால், அந்தப் பணத்துக்கும் அவர்களுக்கும் நடுவே சில தாள்கள் குறுக்கே நிற்கின்றன. எந்தத் தாளை எப்போது, யாரிடம் வாங்க வேண்டும் என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர். மக்கள்தொகையில் சுமார் 1.1 சதவீதம். மாநிலத்தின் 69 சதவீத இடஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு 1 சதவீதம். எண்ணிக்கை இவ்வளவு குறைவு என்பதால் பல ஊர்களில் ஆசிரியருக்கும் விண்ணப்ப மையத்தில் இருப்பவருக்கும்கூட எஸ்.சி. மாணவருக்கான விதி தெரியும், எஸ்.டி. மாணவருக்கான விதி தெரியாது. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். சில இடங்களில் ஒன்றல்ல. அதனால் உங்கள் விதி உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

முதல் படி: பதினொன்றாம் வகுப்பிலேயே சாதிச்சான்றிதழ்

மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்குத்தான் அதிக காலம் பிடிக்கும். அதனால் இதைத்தான் முதலில் தொட வேண்டும்.

பிற சாதியினருக்குத் தாசில்தார் நிலையிலேயே சான்றிதழ் கிடைத்துவிடும். பழங்குடியினருக்கு அப்படியில்லை. 1989 நவம்பர் 11-ஆம் தேதிக்குப் பிறகு தமிழ்நாட்டில் எஸ்.டி. சான்றிதழ் வழங்கும் அதிகாரம் கோட்டாட்சியருக்கு, அதாவது ஆர்.டி.ஓ.வுக்கு அல்லது சப்-கலெக்டருக்கு, மாற்றப்பட்டது. அந்தத் தேதிக்கு முன் தாசில்தார் கொடுத்த பழைய சான்றிதழ் உங்கள் அப்பாவிடமோ பெரியப்பாவிடமோ இருந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் விண்ணப்பத்துக்கு அதைவிட வலுவான ஆதாரம் கிடைப்பது அரிது.

விண்ணப்பிக்கும் முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். உங்கள் சமூகத்தின் பெயர் தமிழ்நாட்டுப் பட்டியலில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, எந்த வட்டாரத்துக்கு என்று குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இருளர், காட்டுநாயக்கர் போன்ற பெயர்கள் மாநிலம் முழுமைக்கும் பொருந்தும். குறும்பர் என்றால் நீலகிரி மாவட்டத்துக்கு மட்டும். காணிக்காரர் என்றால் கன்னியாகுமரி மாவட்டம், செங்கோட்டை, அம்பாசமுத்திரம் வட்டங்கள். மலையாளி என்றால் பழைய தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், புதுக்கோட்டை, திருச்சி மாவட்டங்கள். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் இந்த வட்டார வரையறையால்தான் இத்தனை ஆண்டுகளாகச் சான்றிதழ் கிடைக்காமல் போராடிவருகிறார்கள். ஒரே மக்கள், ஒரே குலதெய்வம், பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவு. மாவட்ட எல்லைக்கு இந்தப் பக்கம் பிறந்த பிள்ளைக்கு ஒதுக்கீடு, அந்தப் பக்கம் பிறந்த பிள்ளைக்கு இல்லை. இது பெரிய அநியாயம். ஆனால் அதைத் தாசில்தாரோ ஆர்.டி.ஓ.வோ மாற்ற முடியாது. பட்டியலைத் திருத்த நாடாளுமன்றத்துக்குத்தான் அதிகாரம். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தினர் அப்படித்தான் 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தால் பழங்குடிப் பட்டியலுக்குள் வந்தார்கள். அந்தச் சமூகத்து மாணவர்கள் பழைய எம்.பி.சி. சான்றிதழை வைத்துக்கொண்டு விண்ணப்பிக்காமல், புதிதாக எஸ்.டி. சான்றிதழ் வாங்கிவிட வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். கிறிஸ்தவர் ஆகிவிட்டதால் எஸ்.டி. தகுதி போய்விட்டது என்று சில ஊர்களில் நம்புகிறார்கள். எஸ்.சி. பட்டியலுக்குத்தான் மதக் கட்டுப்பாடு உண்டு. பழங்குடிப் பட்டியலுக்கு மதம் ஒரு தடையே அல்ல.

இ-சேவை மையத்தில் விண்ணப்பம் பதிவானதும் அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையாக ஏறி ஆர்.டி.ஓ.விடம் போகும். பதிவு செய்யும்போதே பின்வருபவற்றை ஸ்கேன் செய்து ஏற்றிவிட வேண்டும்:

- அப்பா, பெரியப்பா, சித்தப்பா, அத்தை என்று ரத்த உறவில் யாரிடமாவது இருக்கும் எஸ்.டி. சான்றிதழ்
- அந்த உறவை நிறுவும் வம்சாவளித் தாள்
- அப்பாவோ தாத்தாவோ படித்த பள்ளியின் பதிவேட்டு நகல் அல்லது டி.சி.
- சாதிப் பெயர் எழுதப்பட்ட பழைய கிரயப் பத்திரம், பட்டா
- 2006 வன உரிமைச் சட்டத்தின்கீழ் குடும்பத்துக்குக் கிடைத்த உரிமைப் பத்திரம் இருந்தால் அது
- குடும்ப அட்டை, ஆதார், உங்கள் பள்ளிச் சான்று

உறவில் ஒருவருக்குக்கூட சான்றிதழ் இல்லாத குடும்பங்கள்தான் மிகவும் திணறுகின்றன. சமவெளியில் வாழும் இருளர் குடும்பங்கள் பலவற்றுக்குப் பட்டாவும் இல்லை, பள்ளிப் பதிவும் இல்லை. சூளை சூளையாக இடம்பெயர்ந்ததில் இருந்த ஒன்றிரண்டு தாளும் தொலைந்திருக்கும். அங்கே நேரடி விசாரணைதான் வழி. அதிகாரி குடியிருப்புக்கு வருவார் அல்லது உங்களை அலுவலகத்துக்கு அழைப்பார். உங்கள் குலதெய்வம் எது, கல்யாணத்தில் தாலி யார் எடுத்துக் கொடுப்பது, இறந்தவரைப் புதைப்பதா எரிப்பதா, எந்தக் குலத்தில் பெண் எடுப்பீர்கள், வீட்டில் என்ன பேசுவீர்கள் என்றெல்லாம் கேட்பார். விடுதியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதில் பாதி தெரியாது. தெரியாததைத் தடுமாறி இட்டுக்கட்டிச் சொன்னால் அதுவே எதிராக எழுதப்படும். அதனால் பாட்டியையோ ஊர் மூப்பரையோ கூடவே அழைத்துப் போங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, பெரியவர்களைப் பேச விடுங்கள். சந்தேகம் வந்தால் உதகையிலுள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தின் கருத்தைக் கேட்கும் வழக்கமும் உண்டு. அந்தக் கட்டத்துக்குப் போனால் கூடுதல் காலம் ஆகும்.

வேலைக்காக நகரத்துக்கு வந்துவிட்ட குடும்பம் என்றால், விசாரணை பெரும்பாலும் அப்பாவின் சொந்த ஊருக்குத்தான் திரும்பும். அந்த ஊர் வி.ஏ.ஓ.வை முன்கூட்டியே ஒருமுறை பார்த்து வைத்துவிடுவது நல்லது.

சான்றிதழ் தர மறுத்தால், "இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்று வாய்ச்சொல்லோடு திரும்பி வராதீர்கள். காரணம் எழுதிய ஆணையைக் கேட்டு வாங்குங்கள். அந்த ஆணை இருந்தால்தான் மேல்முறையீடு செய்ய முடியும், நீதிமன்றத்துக்கும் போக முடியும். விண்ணப்பம் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தால், அது எந்த மேசையில் இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். மக்கள் குறைதீர் நாளில் கலெக்டரிடமும் கொடுங்கள். வழக்குக்குச் செலவாகுமே என்று பயப்பட வேண்டாம். 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, பழங்குடியினருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வழக்கறிஞரைத் தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். இப்படி ஒரு உரிமை இருப்பது மலைக் கிராமங்களில் பலருக்குத் தெரிவதே இல்லை.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களும் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று தனியாக வகைப்படுத்தப்பட்டவை. 2023 நவம்பரில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டத்தில் இவர்களுக்காகவே முகாம்கள் நடந்தன. ஆதார், சாதிச்சான்றிதழ், வங்கிக் கணக்கு மூன்றுக்கும் ஒரே இடத்தில் மனு வாங்கினார்கள். உங்கள் பக்கம் அப்படி முகாம் வரும் என்று தெரிந்தால் அன்றைக்குக் கூலி வேலையை விட்டாவது போய்விடுங்கள்.

இரண்டாம் படி: எல்லாத் தாளிலும் ஒரே பெயர், சரியான வங்கிக் கணக்கு

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இருக்கும் பெயர், இன்ஷியல், பிறந்த தேதி மூன்றும்தான் அடிப்படை. ஆதாரில் "செல்வி மா", மதிப்பெண் பட்டியலில் "தமிழ்ச்செல்வி எம்", சாதிச்சான்றிதழில் "தமிழ் செல்வி" என்று இருந்தால் கணினி மூன்று பேராகத்தான் பார்க்கும். மதிப்பெண் பட்டியலைத் திருத்துவது பெரும்பாடு. ஆகவே ஆதாரை அதற்கு ஏற்றபடி திருத்துங்கள். ஆதாரில் கைபேசி எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். அண்ணன் ஊருக்கு எடுத்துப்போன சிம்மின் எண்ணைக் கொடுத்திருந்தால் விண்ணப்ப மையத்தில் அரைநாள் அதற்கே போய்விடும்.

அடுத்தது வங்கிக் கணக்கு. இங்கேதான் உதவித்தொகை அதிகமாகச் சிக்குகிறது. கணக்கோடு ஆதார் எண்ணை இணைப்பது வேறு, அரசுப் பணம் நேரடியாக வருவதற்காக (டி.பி.டி.) அந்தக் கணக்கைத் தேசியப் பணப்பரிமாற்றக் கழகத்தில் (என்.பி.சி.ஐ.) ஆதாரோடு பதிவது, அதாவது சீடிங் செய்வது, வேறு. பாஸ்புக்கைக் காட்டி "ஆதார் லிங்க் ஆயிருக்கா சார்?" என்று கேட்டால், "ஆயிருக்கு" என்று சொல்லி அனுப்புவார்கள். அது அடையாளச் சரிபார்ப்புக்கான இணைப்பாக இருக்கும். "டி.பி.டி. பணம் வர இந்த அக்கவுண்ட் என்.பி.சி.ஐ.யில் சீடிங் ஆகியிருக்கிறதா? இல்லையென்றால் அதற்கான படிவம் கொடுங்கள்" என்று அதே சொற்களில் கேளுங்கள். ஒருவருக்கு எத்தனை கணக்கு இருந்தாலும் சீடிங் ஒன்றில்தான் நிற்கும். கடைசியாக எதில் செய்தோமோ அதற்குத்தான் பணம் போகும். பள்ளியில் படிக்கும்போது உதவித்தொகைக்காகத் தொடங்கிய பழைய கணக்கு ஒன்று இருக்கும். அது செயலிழந்திருக்கலாம். பணம் அங்கே போய்த் திரும்பிவிடும். மாணவரோ புதுக் கணக்கைப் பார்த்துக்கொண்டு உதவித்தொகை வரவில்லை என்று காத்திருப்பார். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் எந்த வங்கி சீடிங்கில் இருக்கிறது என்று ஓ.டி.பி. போட்டு இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பக்கத்தில் வங்கி இல்லாத மலைக் கிராமம் என்றால் தபால்காரரிடம் கேளுங்கள். அஞ்சல் துறையின் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கை அவர் வீட்டு வாசலிலேயே கைரேகை வைத்துத் தொடங்கித் தருவார். சீடிங்கும் சேர்த்துச் செய்துவிடலாம்.

வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். அதனால் அதை முன்கூட்டியே வாங்கி வைப்பதில் பயனில்லை. கல்லூரி சேரும் ஆண்டு மே மாதத்தில் வாங்குங்கள்.

மூன்றாம் படி: எந்த வழியில் சீட்டு வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பணம்

உதவித்தொகை விண்ணப்பத்தை எவ்வளவு சரியாக நிரப்பினாலும், சேர்ந்த வழி தவறு என்றால் பணம் வராது. இதைச் சொல்லித் தர ஆள் இல்லாததால் கடனில் விழுந்த குடும்பங்கள் உண்டு.

அரசுக் கலை அறிவியல் கல்லூரிக்கு இணையத்தில் விண்ணப்பிக்க எஸ்.டி. மாணவருக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. பதிவுக்கட்டணமாக 2 ரூபாய் மட்டும் வாங்கிவந்தார்கள். பொறியியல் கலந்தாய்வுக்குப் பொதுப்பிரிவினருக்கு 500 ரூபாய் என்றால் எஸ்.டி.க்கு 250. ஆகவே செலவாகுமே என்று ஒரே விண்ணப்பத்தோடு நிற்க வேண்டாம். அரசுக் கலைக் கல்லூரி, பொறியியல், பாலிடெக்னிக், வேளாண்மை, ஐ.டி.ஐ. என்று உங்களுக்குப் பொருந்துவதற்கெல்லாம் போட்டுவையுங்கள்.

அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் கட்டணச் சுமை மிகக் குறைவு. சுயநிதிக் கல்லூரி என்றால், 2012-இல் வந்த அரசாணை 92 உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி, மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிட மாணவர்களின் கட்டணத்தை அரசே திருப்பித் தருவதற்கான ஆணை அது. கட்டணக் குழு நிர்ணயித்த தொகைதான் கணக்கு. கல்லூரி தன் விருப்பத்துக்குக் கேட்கும் தொகை கணக்கில் வராது. கலந்தாய்வில், அரசு ஒதுக்கீட்டில் சேருங்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டு ஸ்காலர்ஷிப் வரும் என்று நம்பாதீர்கள்.

ரிசல்ட் வந்ததும் ஊருக்குள் கார் வரும். "ஃபீஸே வேண்டாம், எஸ்.டி.ன்னா எல்லாம் ஃப்ரீ, ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் மட்டும் கொடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். வருபவர்களில் பலர் கமிஷனுக்கு ஆள் பிடிப்பவர்கள். அவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். சீட்டு கலந்தாய்வு வழியா, நிர்வாக ஒதுக்கீடா? கல்லூரிக்குப் பல்கலைக்கழக இணைப்பு, உரிய கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா? உதவித்தொகை வராவிட்டால் யார் கட்டுவது என்று எழுதித் தருவார்களா? மூன்றாவது கேள்விக்கு யாரும் எழுதித் தர மாட்டார்கள். அசல் சான்றிதழை எந்தக் காரணம் சொல்லியும் கொடுக்காதீர்கள். சேர்க்கையின்போது அசலைப் பார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட அறிவிப்பு.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. அதில் சேரும் மாணவரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவர்களும் இதற்குள் வருவார்கள். எந்தெந்த வகுப்பை எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்பதற்கான சான்றைத் தலைமை ஆசிரியரிடம் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை

பத்தாம் வகுப்புக்கு மேலான எல்லாப் படிப்புக்கும் இதுதான் ஆதாரமான திட்டம். ஐ.டி.ஐ., டிப்ளமா, பட்டப்படிப்பு, முதுநிலை எல்லாம் இதில் அடங்கும். எஸ்.டி. மாணவருக்கான செலவில் 75 சதவீதம் மத்திய அரசு, 25 சதவீதம் மாநில அரசு. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒரே வீட்டில் எத்தனை பிள்ளைகள் படித்தாலும் அத்தனை பேருக்கும் உண்டு.

கட்டணம் தவிர, பராமரிப்புப் படி என்று மாதத்துக்கு ஒரு தொகை வரும். படிப்புகளை நான்கு பிரிவாகப் பிரித்து, விடுதியில் தங்குபவருக்கு 380 முதல் 1,200 ரூபாய் வரையும், வீட்டிலிருந்து போய்வருபவருக்கு 230 முதல் 550 வரையும் வைத்திருந்தார்கள். இந்தக் காலத்துக்கு இது போதவே போதாது. இருந்தாலும் விடாதீர்கள். விடுதியில் இடம் கிடைத்தவர் விண்ணப்பத்தில் விடுதி மாணவர் என்று குறிக்காமல் விட்டால் குறைந்த தொகைதான் வரும். ஆய்வேடு அச்சிட 1,600 ரூபாய் வரையும், அஞ்சல்வழியில் படிப்பவருக்குப் புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1,200 ரூபாயும் இந்தத் திட்டத்திலேயே உண்டு.

விண்ணப்பிக்கும் முறை இப்படி:

1. கல்லூரியில் சேர்ந்ததும் உங்கள் விவரத்தை, உயர்கல்வி மாணவர் விவரங்களைப் பதியும் யூமிஸ் இணையதளத்தில் கல்லூரி ஏற்றும். உங்களுக்கு ஒரு யூமிஸ் எண் கிடைக்கும். பள்ளியில் இருந்த எமிஸ் எண்ணைக் கையோடு கொண்டுபோங்கள்.
2. சாதிப் பிரிவு எஸ்.டி. என்று ஏறியிருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். எஸ்.சி. என்று தவறாக ஏறிவிட்டால் விண்ணப்பம் வேறு கணக்குக்குப் போய்விடும்.
3. மாணவர் பகுதிக்குள் நுழைந்து, சாதிச்சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எண்களை நிரப்பி, ஆதார் சரிபார்ப்பை முடியுங்கள். கைரேகை கேட்டால் இ-சேவை மையத்துக்குப் போக வேண்டியிருக்கும்.
4. விண்ணப்ப எண் வந்த பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். ஒரு பிரிண்ட் எடுத்து, ஜெராக்ஸ்களோடு கல்லூரி உதவித்தொகைப் பிரிவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.
5. அங்கிருந்து கல்லூரி சரிபார்த்து மாவட்ட நல அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பெரும்பாலான தாமதம் இந்த இடத்தில்தான். கடைசித் தேதிக்கு முன் ஒருமுறை இணையதளத்துக்குள் போய், விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். கல்லூரி நிலையிலேயே நிலுவை என்று காட்டினால் நேரே போய்க் கேளுங்கள்.

ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊர்த் திருவிழாவுக்கும் அறுவடைக்கும் போய் வாரக்கணக்கில் தங்கிவிடும் பிள்ளைகள் இதில் அடிபடுகிறார்கள். இந்தத் திட்டத்தில் பணம் பெறுபவர் அதே நேரத்தில் வேறொரு மத்திய உதவித்தொகையை வாங்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஐந்தாம் படி: இதோடு சேர்த்து வாங்கக்கூடியவை

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கு அதே தொகை தமிழ்ப் புதல்வன் திட்டத்தில். 2024 ஆகஸ்டில் தொடங்கியது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனியாக வரும். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான்.

விடுதியைப் பணமாகவே எண்ணிப் பாருங்கள். வெளியே அறை எடுத்துச் சாப்பிட்டால் ஆகும் செலவுக்கு எந்த உதவித்தொகையும் ஈடாகாது. 2025 முதல் அரசு மாணவர் விடுதிகளெல்லாம் சமூகநீதி விடுதி என்ற பெயரில் இயங்குகின்றன. உணவும் இருப்பிடமும் இலவசம். கல்லூரி சேர்ந்த வாரமே வார்டனைப் பாருங்கள். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். ஆதிதிராவிடர் நல விடுதியிலும் எஸ்.டி. மாணவரைச் சேர்ப்பார்கள், பழங்குடி விடுதி பக்கத்தில் இல்லை என்று திரும்பிவிடாதீர்கள்.

ஆறாம் படி: ஐ.ஐ.டி., என்.ஐ.டி., வெளிநாடு, ஆராய்ச்சி

2024-இல் பச்சைமலையிலிருந்து ஒரு பழங்குடி மாணவி திருச்சி என்.ஐ.டி.யில் சேர்ந்தபோது, அவர் கட்டணம் முழுவதையும் மாநில அரசே ஏற்றுக்கொண்டது. அவர் படித்தது அரசுப் பழங்குடியினர் பள்ளியில். மத்திய நிறுவனங்களில் எஸ்.டி. ஒதுக்கீடு 7.5 சதவீதம். ஐ.ஐ.டி.களிலும் என்.ஐ.டி.களிலும் எஸ்.டி. மாணவருக்குக் கல்விக் கட்டணம் முழுதாகத் தள்ளுபடி. பொதுப்பிரிவினர் பன்னிரண்டாம் வகுப்பில் 75 சதவீதம் எடுக்க வேண்டும் என்றால் எஸ்.டி.க்கு 65 போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: மத்தியக் கலந்தாய்வுகள் சாதிச்சான்றிதழைத் தாங்கள் தரும் படிவத்தில் கேட்கும். அந்தப் படிவத்தை முன்னதாகவே தரவிறக்கி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து வாங்கி வையுங்கள்.

இப்படிப்பட்ட நிறுவனங்களில் சேர்பவருக்கு மத்தியப் பழங்குடியினர் அமைச்சகத்தின் உயர்கல்வி உதவித்தொகை, போஸ்ட் மெட்ரிக்கைவிட நல்லது. குடும்ப வருமானம் 6 லட்சம் வரை ஏற்கும். கல்விக் கட்டணத்தோடு, வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 2,200, புத்தகத்துக்கு ஆண்டுக்கு 3,000, கணினிக்கு ஒருமுறை 45,000 ரூபாய் என்பது அதன் அமைப்பு. ஆண்டுக்கு 1,000 புதிய மாணவர்கள். உங்கள் கல்லூரி அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முனைவர் பட்டத்துக்கு அதே அமைச்சகம் ஆண்டுக்கு 750 பேருக்கு ஆய்வு உதவித்தொகை தருகிறது.

வெளிநாட்டில் முதுநிலையோ ஆராய்ச்சியோ படிக்க மத்திய அரசு ஆண்டுக்கு நாடு முழுமைக்கும் 20 பேரைத்தான் எடுக்கிறது. அதில் 3 இடம் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளுக்கு. இருளர், பணியர் சமூகத்து மாணவர்களே, அந்த 3 இடம் உங்களை நினைத்து வைத்தது. மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இங்கேயே முழுநேர முனைவர் பட்டம் படிப்பவருக்கு மாநில ஊக்கத்தொகை ஆண்டுக்கு 1 லட்சம்.

பணம் வராதபோது

உதவித்தொகை பெரும்பாலும் கல்வியாண்டின் கடைசியில்தான் வரும். அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போவதும் உண்டு. அதற்குள் "ஃபீஸ் கட்டினால்தான் ஹால் டிக்கெட்" என்று கல்லூரியில் சொல்வார்கள். அப்போது விண்ணப்ப எண்ணையும் பெற்றுக்கொண்ட கையெழுத்தையும் இணைத்துக் கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். நகலை மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலருக்கு அனுப்புங்கள். கொல்லிமலை, ஜவ்வாது மலை, கல்வராயன் மலை போன்ற பகுதிகளில் பழங்குடியினர் நலத் திட்ட அலுவலர் தனியாக இருப்பார். அவர் அலுவலகத்திலிருந்து கல்லூரிக்கு ஒரு போன் போனாலே பல நேரம் விஷயம் முடிந்துவிடும். அசையாவிட்டால் முதலமைச்சரின் உதவி மைய எண்ணான 1100-இல் புகார் பதிந்து, புகார் எண்ணை எழுதி வையுங்கள்.

கட்டணத் தொகை உங்கள் கணக்குக்கே வந்து விழும் நேர்வும் உண்டு. அது கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணம். வீட்டில் எத்தனை நெருக்கடி இருந்தாலும் அன்றைக்கே கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். செலவாகிப்போனால் கடைசி ஆண்டில் டி.சி.யும் பட்டமும் வாங்கும்போதுதான் அது கழுத்தைப் பிடிக்கும்.

எந்த உதவித்தொகையிலும் அடங்காத செலவுக்குத்தான் கடன். தேசியப் பழங்குடியினர் நிதி மேம்பாட்டுக் கழகத்தின் ஆதிவாசி சிக்ஷா ரின் யோஜனாவில் 10 லட்சம் வரை 6 சதவீத வட்டிக்குக் கல்விக்கடன் உண்டு. இதைப் பற்றி முதலில் தாட்கோ (தமிழ்நாடு ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகம்) மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். சாதாரண வங்கிக் கல்விக்கடனில் 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது விதி. காப்பி எஸ்டேட் முதலாளியிடமோ சூளை மேஸ்திரியிடமோ முன்பணம் வாங்கிப் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வேண்டாம். அந்த முன்பணத்துக்கு விடுமுறையில் முதலில் வேலைக்குப் போவது அந்தப் பிள்ளைதான். இரண்டாம் ஆண்டுப் புதுப்பித்தலுக்கான கடைசித் தேதியும் அந்த நாட்களில்தான் தாண்டிப்போகிறது.